தோற்றமும் காரணமும்: பிரபஞ்சம் பற்றிய ஒரு விவாதத்தின் வரலாறு

இப்பிரபஞ்சம் ஏன் உள்ளது என்ற வினா மனித சிந்தனையோடு உடன்பிறந்த வினாக்களுள் ஒன்று. ஒன்றுமே இல்லாதிருந்திருக்கக் கூடும். அங்ஙனமின்றி ஞாயிறும் திங்களும் விண்மீன்களும் நாமும் இருப்பதற்குக் காரணம் யாது? இதற்கு விடை பகர்ந்தோர் எண்ணிலர். விடை பகர்ந்ததோடு அமையாது, தம் விடையை ஏற்காதாரை ஒறுத்தோரும் பலர். இதற்குரிய விடையை நாம் அறியோம் என்று நேர்மையாக உரைத்தோர் ஒவ்வொரு காலத்திலும் ஒரு சிலராகவே இருந்துள்ளனர். அந்தச் சிலரைப் பற்றியும், அவர்கள் எதிர்கொண்ட அதிகாரங்களைப் பற்றியும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கத்திலேயே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். பிரபஞ்சம் எவ்வாறு இன்றைய நிலையை அடைந்தது என்பது ஒரு வினா. பிரபஞ்சம் என ஒன்று ஏன் உள்ளது என்பது மற்றொரு வினா. முதலாவது அளவீட்டுக்கும் கணிப்புக்கும் உட்படுவது. 20ஆம் நூற்றாண்டு அதற்கு வியத்தகு விடைகளைத் தந்தது. இரண்டாவது, நம் அளவுகோல்கள் எட்டாத இடத்தில் இன்னும் நிற்கின்றது. முதலாவதற்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்குரிய விடையாக மாற்றிக் காட்ட முனைந்தோர் இரு அணியினர். ஓர் அணியினர் திருச்சபையின் பீடத்தில் இருந்தனர். மற்றைய அணியினர், நாம் மதிக்கும் இலட்சியங்களின் பெயரால் ஆட்சி நடத்திய அலுவலகங்களில் இருந்தனர். இவ்விரண்டாம் அணியைப் பற்றிப் பேசுதல் நமக்கு உவப்பானதன்று. ஆயினும், முற்போக்காளர் என நம்மை அழைத்துக்கொள்ளும் நாம் அதனைப் பேசாது விடுதல் முறையாகாது.

*

ஐயத்தின் வரலாறு தொன்மையானது. இருக்குவேதத்தின் பத்தாம் மண்டலத்து 129ஆம் சூக்தம் படைப்பைப் பற்றிப் பாடத் தொடங்குகின்றது. ஆனால், படைப்பின் மூலத்தை எவர்தாம் அறிவார் என வினவி, வானத்தின் உச்சியிலிருந்து இதனைக் காண்பவனும் அதை அறிவானோ அறியானோ என்ற ஐயத்தோடு நின்றுவிடுகின்றது. அதே மண்டலத்தின் 90ஆம் சூக்தம் வேறு விதமானது. புருடனின் உடல் பகுக்கப்பட்டு உலகம் உண்டாயிற்று என்றும், அவ்வுடலின் வாய், தோள், தொடை, பாதம் என்பவற்றோடு நால்வருணங்களும் தொடர்புடையன என்றும் அது ஐயத்துக்கு இடமின்றி மொழிகின்றது. ஒரே மண்டலத்தில் ஐயமும் உறுதியும் அருகருகே இருந்தன. சமுதாயத்தில் ஆட்சி செலுத்தியது எது என்பதை நாம் கூறித்தான் வாசகர் அறிய வேண்டுமென்பதில்லை. உயர்வு தாழ்வை நியாயப்படுத்த வேண்டியவர்களுக்கு 90ஆம் சூக்தம் கைகொடுத்தது. 129ஆம் சூக்தத்தைக் கொண்டு எவரையும் எந்த வாயிலிலும் தடுத்து நிறுத்த இயலவில்லை. படைப்பின் காரணம் தமக்குத் தெரியும் என்போர், அக்காரணத்தின் பெயரால் சமுதாயத்தையும் வகுத்துவிடுவர் என்ற உண்மையை இங்கு முதன்முதலாகச் சந்திக்கின்றோம்.

புத்தர் பெருமான் எடுத்த நிலை இன்னொரு வகையானது. உலகம் நித்தியமானதா அன்றா, எல்லையுடையதா அன்றா என்ற வினாக்களை மாலுங்கியபுத்தர் என்ற பிக்கு விடாப்பிடியாக எழுப்புகின்றார். விடை தரப்படாவிடின் சங்கத்தை விட்டு நீங்குவேன் என்கின்றார். புத்தர் அவருக்கு நச்சம்பு தைத்த மனிதனின் உவமையைக் கூறுகின்றார். அம்பை எய்தவன் எக்குலத்தான், வில் எம்மரத்தால் ஆனது என்பன தெரியும்வரை மருத்துவனை அணுகவிடாத மனிதன் விடை அறியாமலே மாண்டுபோவான். பாளியில் ‘அவ்யாகதம்’ எனப்படும் இவ்வினாக்கள் விடையின்றியே விடப்பட்டன. மஜ்ஜிம நிகாயத்திலுள்ள இவ்வுரையாடல் நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. வாய்மொழியாக வந்த பாளித் திருமுறை, வட்டகாமணி அபயன் காலத்தில், மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில் ஏட்டில் எழுதப்பட்டதென்பது மரபு. பிரபஞ்சத்தின் முடிந்த முடிபைக் கூற மறுத்த ஒரு நூல் இம்மண்ணிலேயே எழுத்துருப் பெற்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஆயினும் புத்தரின் மௌனத்தை இன்றைய விஞ்ஞானியின் ஐயத்தோடு ஒன்றாக்கிவிடல் கூடாது. துன்பநீக்கத்துக்கு உதவாது என்பதற்காக அவர் அவ்வினாவை ஒதுக்கினார். சான்று போதாது என்பதற்காக விஞ்ஞானி விடையை நிறுத்தி வைக்கின்றான்.

இடைக்காலத்துச் சமய அறிஞரிடையேயும் இப்பிரச்சினை கடும் போராட்டமாக விளங்கிற்று. உலகம் அநாதியானது என்ற அரிஸ்டோட்டிலியக் கொள்கையை அல்-கஸாலி 1095ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில் தாக்கினார்; அடுத்த நூற்றாண்டில் இப்னு ருஷ்த் அதற்கு மறுப்பெழுதினார். கிறித்தவ உலகில் தோமஸ் அக்குவைனஸ், உலகுக்குத் தொடக்கமுண்டு என்பதை விசுவாசத்தால் ஏற்றார். ஆனால், அதனைத் தருக்கத்தால் நிறுவ முடியாதென 1270ஆம் ஆண்டளவில் ஒரு தனி நூலே எழுதினார். கடவுள் நம்பிக்கையுள்ள ஒருவர், தம் நம்பிக்கைக்குச் சாதகமான ஒரு வாதத்தைத் தாமே போதாதென ஒதுக்கிய செயல் இது. 1277இல் பாரிஸ் நகர ஆயர் 219 கூற்றுகளைக் கண்டித்து ஆணை பிறப்பித்தார். உலகின் அநாதித் தன்மை பற்றிய கூற்றுகளும் அவற்றுள் அடங்கின. அறிஞன் ஐயுற்ற இடத்தில் அதிகாரம் ஐயத்தைத் தடைசெய்தது.

நம் சைவசித்தாந்தமும் இவ்வினாவை நன்கறியும். தோன்றி நின்று ஒடுங்கும் உலகுக்கு ஒரு கருத்தா வேண்டும் என்ற வாதம் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்திலேயே இடம்பெறுகின்றது. ஆயின் இல்லதிலிருந்து உள்ளது தோன்றாது என்பது சித்தாந்தத்தின் உறுதியான கொள்கையாதலின், மாயை என்ற மூலப்பொருள் அநாதியாகவே கொள்ளப்பட்டது. ‘சூனியத்திலிருந்து படைப்பு’ என்பதே எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான கருத்தென எண்ணுவது தவறென்பதை இது காட்டும்.

*

நவீன காலத்தில் இவ்வினாவுக்குக் கூர்மையான வடிவம் கொடுத்தவர் லைப்னிட்ஸ். ஒன்றுமின்மையே எளிதாயிருக்க, ஏன் ஏதோ ஒன்று உள்ளது என 1714இல் அவர் வினவினார். தனக்குத் தானே காரணமான ஒரு பொருளே விடை என்றார். டேவிட் ஹ்யூம் மறைந்தபின் 1779இல் வெளிவந்த அவருடைய உரையாடல்கள் அவ்விடையின் வேரையே அசைத்தன. உலகின் பகுதிகளிடையே நாம் காணும் காரண காரியத் தொடர்பை முழு உலகுக்கும் ஏற்றிக் கூற நமக்கு என்ன உரிமை உண்டு? வீடுகள் பல கட்டப்படுவதைக் கண்டவன், புதிய வீடொன்றைக் கண்டதும் அதற்கொரு கொத்தன் உண்டென ஊகிக்கலாம். உலகங்கள் பல தோன்றுவதை எவர் கண்டார்? 1781இல் கான்ற் இன்னும் ஒருபடி சென்றார். உலகுக்குக் காலத்தில் தொடக்கமுண்டு என்பதையும் தொடக்கமில்லை என்பதையும் ஒரே வலிமையோடு வாதித்துக் காட்டி, பகுத்தறிவு தன் எல்லையை மீறும்போது தன்னோடு தானே முரண்படுகின்றது என முடிவு செய்தார்.

தத்துவ ஞானிகளின் கையிலிருந்த இப்பிரச்சினையின் ஒரு பாதியை 20ஆம் நூற்றாண்டுப் பௌதிகம் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1917இல் ஐன்ஸ்டைன் தமது பொதுச் சார்புக் கொள்கையை முழுப் பிரபஞ்சத்துக்கும் பிரயோகித்தார். பிரபஞ்சம் என்றும் ஒரே நிலையில் இருப்பது என்ற பழைய எண்ணம் அவரையும் விடவில்லை. அதற்கேற்பத் தம் சமன்பாட்டில் ஒரு புதிய உறுப்பைச் சேர்த்துக்கொண்டார். 1922இல், புரட்சிக்குப் பிந்திய பெத்ரோகிராட் நகரில், அலெக்சாண்டர் ஃபிரீட்மன் என்ற கணித அறிஞர் அச்சமன்பாடுகளுக்கு வேறு தீர்வுகளும் உண்டெனக் கண்டார். அவற்றின்படி பிரபஞ்சம் விரியலாம், சுருங்கலாம், மாறிமாறி இரண்டும் நிகழலாம். ஐன்ஸ்டைன் முதலில் அதனைப் பிழையென எழுதினார். 1923இல் தம் கண்டனத்தைத் திரும்பப் பெற்றார். ஃபிரீட்மன் தம் கட்டுரையில் ‘உலகின் படைப்பு’ என்ற சொற்றொடரைக் கணிதப் பொருளில் தயக்கமின்றிக் கையாண்டார். நம்முடைய உலகம் இத்தீர்வுகளுள் எதனைச் சேர்ந்தது எனத் தீர்மானிக்க நம் அறிவு முற்றிலும் போதாதென்றும் அவரே எழுதினார். 1925இல், 37ஆம் வயதில், காய்ச்சல் கண்டு அவர் மறைந்தார்.

இரண்டு ஆண்டுகளின் பின், ஃபிரீட்மனின் ஆய்வை அறியாமலே, பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோர்ஜ் லெமேத்ர் விரியும் பிரபஞ்சத்தின் கணிதத்தை வகுத்ததோடு, தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் நம்மை விட்டு விலகும் வேகத்தோடு அதனைத் தொடர்புபடுத்தியும் காட்டினார். 1929இல் அமெரிக்க வானியலாளர் ஹபிள் அவ்விலகலின் விதியை அவதானங்களால் நிலைநாட்டினார். லெமேத்ர் முதலாம் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணிபுரிந்தவர். 1923இல் கத்தோலிக்கக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். 1931இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியான சிறு கடிதமொன்றில், பிரபஞ்சம் முழுவதும் ஒரேயொரு ஆதி அணுவின் சிதைவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். அக்கடிதத்தின் தட்டச்சுப் பிரதியில் கடவுளைப் பற்றிய ஒரு பந்தி இறுதியில் இருந்தது. அச்சுக்கு அனுப்புமுன் அதனை அவர் கோடிட்டு நீக்கினார். அவர் நம்பிக்கை இழந்துவிடவில்லை. இறுதிவரை குருவாகவே வாழ்ந்தார். பௌதிகக் கட்டுரையில் அப்பந்திக்கு இடமில்லை என்பதை உணர்ந்தார், அவ்வளவே. விஞ்ஞான வரலாற்றில் அந்தக் கோடு ஒரு சிறு செயல். ஆயினும் பெரும் நூல்கள் பலவற்றைவிட நமக்கு அது கற்பிப்பது அதிகம்.

*

லெமேத்ர் நீக்கிய பந்தியை அவருடைய திருச்சபையின் தலைவரே இருபது ஆண்டுகளின் பின் மீண்டும் எழுதினார். 1951 நவம்பர் 22ஆம் நாள், பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் வத்திக்கான் விஞ்ஞானக் கழகத்தில் உரையாற்றுகையில், ஒளி உண்டாகக் கடவது என்ற ஆதிக் கட்டளைக்கு இன்றைய விஞ்ஞானம் சாட்சி பகர்கின்றது என்ற பொருள்படப் பேசினார். மேலும் ஆய்வு வேண்டும் என்ற சொல்லை அவர் சேர்க்காமலில்லை. ஆனால் உலகப் பத்திரிகைகள் எடுத்துக்கொண்ட செய்தி, விஞ்ஞானம் கடவுளை நிரூபித்துவிட்டது என்பதே. அக்கழகத்தின் உறுப்பினரான லெமேத்ர் இதனால் மகிழ்ச்சியடையவில்லை. ஒரு கருதுகோள் நாளை மாறக்கூடும். அதன்மேல் விசுவாசத்தைக் கட்டுதல் விஞ்ஞானத்துக்கும் விசுவாசத்துக்கும் ஒருங்கே தீங்கு என்பது அவர் நிலை. வத்திக்கான் வானியல் நிலையத்தின் தலைவரான அருட்தந்தை ஓ’கொனல் வழியாக அவர் தம் கருத்தைத் தெரிவித்தார். 1952 செப்ரெம்பரில் உலக வானியலாளர் ரோமாபுரியில் கூடியபோது அவர்கள்முன் பேசிய பாப்பரசர் அந்த வாதத்தை மீண்டும் எடுக்கவில்லை.

லெமேத்ரின் எச்சரிக்கை எத்துணைப் பொருத்தமானது என்பதை அதே ரோமாபுரி மாநாடு மெய்ப்பித்தது. விண்மீன் மண்டலங்களின் தொலைவுகள் இதுவரை கருதப்பட்டதைவிட ஏறத்தாழ இருமடங்கு எனத் தம் ஆய்வின் முடிபை அங்கு வால்ட்டர் பாடே அறிவித்தார். தொலைவு இருமடங்காயின் பிரபஞ்சத்தின் வயதும் இருமடங்காகும். ஹபிளின் முதற் கணக்கின்படி அவ்வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் குறைவு; பூமியின் பாறைகளோ அதனினும் முதியவை. தாயினும் மூத்த பிள்ளை என்ற அவ்வபத்தம் நீங்கும் வழி அப்போதுதான் திறந்தது. ஓராண்டில் மாறிய ஒரு கணக்கின்மேல் நித்தியத்தை எவ்வாறு நிறுத்துவது?

1958இல் பிரசல்ஸ் நகரில் நடைபெற்ற சொல்வே மாநாட்டில் லெமேத்ர் தம் நிலையைத் தெளிவாக உரைத்தார். தமது கொள்கை சமய வினாக்களுக்கு முற்றிலும் வெளியே நிற்பது. கடந்தநிலைப் பொருள் ஒன்று உண்டென்பதை மறுக்கப் பொருள்முதல்வாதிக்குள்ள சுதந்திரத்தை அது பறிப்பதில்லை என்றார். ஒரு கத்தோலிக்கக் குரு நாத்திகனின் சுதந்திரத்தை இவ்வாறு வெளிப்படையாக ஏற்றமை நம் கவனத்துக்கும் மதிப்புக்கும் உரியது.

*

இனி மறுபக்கத்தைக் காண்போம். 1947 ஜூன் மாதத்தில், மொஸ்கோவில் தத்துவ ஞானிகளின் கூட்டமொன்றில் உரையாற்றிய ஸ்தானோவ், வரையறுக்கப்பட்ட ஒரு பகுதியின் விதிகளை எல்லையற்ற பிரபஞ்சத்துக்கு ஏற்றி, உலகுக்குக் காலத்திலும் இடத்திலும் எல்லையுண்டு எனக் கூறும் வானியலாளரைச் சாடினார். அடுத்த ஆண்டு லெனின்கிராட்டில் கூடிய வானியல் மாநாடு இக்கண்டனத்தை வழிமொழிந்தது. பிரபஞ்சத்துக்குத் தொடக்கமுண்டெனின் படைப்பவனுக்குக் கதவு திறந்துவிடும் என்பது அவர்களின் அச்சம். வாதத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்குவோமாயின், அது பாப்பரசர் 1951இல் கூறியதன் மறுபுறமே எனக் காண்போம். தொடக்கம் உண்டெனின் கடவுள் உண்டு என்ற தொடர்பை இருவரும் ஏற்றனர். ஒருவர் முதற் பாதியை வரவேற்றார். மற்றவர் அதனைத் தடைசெய்தார்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் ஹொயில், பொண்டி, கோல்ட் ஆகிய மூவர், பிரபஞ்சத்துக்குத் தொடக்கமில்லை. அது விரிய விரியப் புதிய சடப்பொருள் இடையறாது தோன்றுகின்றது என்ற நிலைபேற்றுக் கொள்கையை 1948இல் வெளியிட்டனர். சமயத்தை வெளிப்படையாகவே மறுத்த ஹொயிலின் இக்கொள்கையைச் சோவியத் தத்துவாசிரியர்கள் வரவேற்றிருப்பர் என நாம் எண்ணலாம். அவ்வாறு நிகழவில்லை. சடம் இல்லதிலிருந்து தோன்றுவதா எனக் கேட்டு அதனையும் கருத்துமுதல்வாதம் என ஒதுக்கினர். தொலைநோக்கி எதைக் காட்டினும் குற்றமாகும் நிலை இது. ஃபிரீட்மனின் சொந்த நாட்டிலேயே, அவர் கண்டறிந்த துறை பல ஆண்டுகள் பேசத் தகாததாயிற்று. 1963இல், அவர் பிறந்து 75 ஆண்டுகள் நிறைந்ததையொட்டிச் சோவியத் பௌதிக சஞ்சிகை அவருக்கெனக் கட்டுரைகள் வெளியிட்டுச் சிறப்பித்தது; கப்பிட்சா போன்ற பேரறிஞர்கள் அதில் எழுதினர். உண்மை திரும்பிற்று, இழந்த ஆண்டுகள் திரும்பவில்லை.

இழந்தவை ஆண்டுகள் மட்டுமல்ல. புல்கோவோ வானியல் நிலையத்தின் தலைவர் கெராசிமோவிச் 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நிலையத்து வானியலாளர் பலர் சிறையுண்டனர். மத்வேய் புரொன்ஸ்டைன் என்ற இளைஞரின் கதை இன்னும் துயரமானது. பிரபஞ்சத்தின் முதற் கணத்தை அறிய வேண்டுமாயின் ஈர்ப்புக் கொள்கையையும், குவாண்டம் கொள்கை எனப்படும் சத்திச்சொட்டுக் கொள்கையையும் ஒன்றிணைத்தல் வேண்டும். அதனை ஆழமாக முயன்ற முதல்வர்களுள் அவர் ஒருவர். 1936இல் வெளிவந்த அவரது ஆய்வு, அவ்விணைப்பில் அதுவரை எவரும் காணாத ஒரு தடையைச் சுட்டிக்காட்டியது. சிறுவர்க்கான விஞ்ஞான நூல்களையும் அழகுற எழுதினார். 1937 ஓகஸ்டில் கைதானார்; 1938 பெப்ரவரி 18ஆம் நாள், 31ஆம் வயதில், லெனின்கிராட்டில் சுடப்பட்டார். கடிதத் தொடர்பற்ற பத்தாண்டுச் சிறை என்று மனைவியிடம் பொய் கூறப்பட்டது. 1957இல் குற்றமற்றவர் என அரசு ஏற்றது. வானியற் கொள்கைக்காகவே அவர் கொல்லப்பட்டார் என நாம் கூறவில்லை. அக்கால வேட்டையில் அகப்பட்ட பல்லாயிரவருள் அவர் ஒருவர். ஆயினும் எல்லாவற்றுக்கும் முடிந்த விடை தன்னிடம் உண்டென நம்பிய ஆட்சி, விடை தெரியாத ஒரு வினாவின் வாயிலில் நின்ற அறிஞனை அழித்தது என்பது வரலாறு.

இவ்வளவுக்கும் தேவை இருந்ததா? இல்லை என்பதே நம் துணிபு. இயற்கை விஞ்ஞானத்தில் யுகமாற்றமான கண்டுபிடிப்பு நிகழும்தோறும் பொருள்முதல்வாதம் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என ஏங்கெல்ஸ் 1886இல் எழுதியிருந்தார். 1909இல் லெனின், சடம் என்பதன் தத்துவப் பொருளை நம் உணர்வுக்கு வெளியே உள்ள புறநிலை உண்மை என்ற ஒரே பண்பால் வரையறுத்தார். அவ்வரையறை, பிரபஞ்சத்தின் வயதையோ வடிவத்தையோ முன்கூட்டித் தீர்மானிக்கவில்லை. 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் விரியத் தொடங்கிய பிரபஞ்சமும் புறநிலை உண்மையே, தொடக்கமற்றதும் அவ்வாறே. மூலவர்கள் திறந்து வைத்த கதவை வழிவந்தோர் தாழிட்டனர்.

*

1964இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் தம் வானொலி அன்ரெனாவில் நீக்கவியலாத ஓர் இரைச்சலைக் கண்டனர். கருவியில் கூடு கட்டியிருந்த புறாக்களையும் அவற்றின் எச்சத்தையும் அகற்றிய பின்னரும் இரைச்சல் நின்றது. அது எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே அளவில் வந்தது. பிரபஞ்சத்தின் வெம்மைமிக்க இளமைக் காலத்தின் எச்ச ஒளி அதுவென 1965இல் விளக்கப்பட்டது. நிலைபேற்றுக் கொள்கை அதன்பின் தலைதூக்கவில்லை. 1966 ஜூனில் மறைந்த லெமேத்ர், தம் இறுதி நாட்களில் இச்செய்தியைக் கேட்டறிந்தார். இன்று அவ்வொளியின் வெப்பநிலை தனிப்பூச்சியத்துக்கு மேல் 2.7 பாகை என்றும், பிரபஞ்சம் விரியத் தொடங்கிச் சுமார் 3.8 இலட்சம் ஆண்டுகளில் அது விடுபட்டதென்றும் அறிவோம். 2018இல் வெளியான ‘பிளாங்க்’ செய்மதியின் இறுதி அளவீடுகள் பிரபஞ்சத்தின் வயதைச் சுமார் 1380 கோடி ஆண்டுகள் எனக் காட்டின. அதே 2018இல், ஹபிளின் விதியோடு லெமேத்ரின் பெயரையும் சேர்த்து வழங்குமாறு உலக வானியலாளர் சங்கம் வாக்களித்தது.

ஆனால் இவ்வெற்றிகள் அனைத்தும் எதன் தொடக்கத்தைச் சொல்கின்றன? ஒரு செக்கனைப் பத்தின் 43ஆம் அடுக்கால் வகுத்தால் கிடைக்கும் காலத்துக்கு முன், இன்றைய சமன்பாடுகள் செல்லுபடியாவதில்லை. புரொன்ஸ்டைன் தொட்ட பிரச்சினை இன்னும் தீரவில்லை. 1982இல் விலென்கின், ஒன்றுமின்மையிலிருந்து பிரபஞ்சம் சத்திச்சொட்டு விதிகளின்படி தோன்றலாம் எனக் கணித்தார். 1983இல் ஹார்ட்டிலும் ஹோக்கிங்கும் காலத்துக்கு விளிம்பில்லாத ஒரு மாதிரியை வகுத்தனர். ஒரு யுகத்தின் முடிவே அடுத்ததன் தொடக்கம் என்கிறார் பென்ரோஸ். இவை அறிஞர் வகுத்த அரிய கருதுகோள்கள், நிறுவப்பட்டவை அல்ல. ‘ஒன்றுமின்மை’ எனப்படுவதும் கவனித்தற்குரியது. அங்கு விண்மீனும் அணுவும் இல்லை. விதிகள் மட்டும் உள்ளன. அவ்விதிகள் ஏன் உள்ளன என லைப்னிட்ஸ் திரும்பவும் கேட்பார். கடவுளே விடை என்பாரை நோக்கி, அக்கடவுள் ஏன் உள்ளார் என ஹ்யூம் கேட்பார். 1948இல் பி.பி.சி. வானொலியில் அருட்தந்தை கொப்பிள்ஸ்டனோடு வாதிட்ட பேர்ட்ரண்ட் ரசல், பிரபஞ்சம் வெறுமனே உள்ளது, அவ்வளவே என்றார். அதுவும் ஒரு நிலைப்பாடு. முழுமைக்குக் காரணம் கேட்பது பொருளற்றது என்பதை அவரும் நிறுவிக் காட்டவில்லை. காரணம் இருந்தே தீரவேண்டும் என்பதை அவர்முன் இருந்தவரும் நிறுவவில்லை.

*

எனவே, ‘எவ்வாறு’ என்ற வினாவில் பெரும்பகுதி விடை கண்டுவிட்ட நாம், ‘ஏன்’ என்ற வினாவின்முன் விடையின்றியே நிற்கின்றோம். இந்நிலையை ஏற்றுக்கொள்ளுதல் என்பதன் பொருளை நாம் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். எல்லாக் கூற்றுகளும் சமம் என்பது இதன் பொருளன்று. உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என 1650இல் ஆயர் அஷர் கணித்தார். பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என 1956இல் பற்றர்சன் ஈயத்தின் சமதானிகளை அளந்து காட்டினார். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைப்பவன் ஐயவாதியல்லன். அவன் சான்றைப் புறக்கணிப்பவன். தெரிந்ததைத் தெரிந்ததென்று உறுதியாகக் கூறுபவனுக்கே, தெரியாததைத் தெரியாதென்று கூறும் உரிமை உண்டு. ஆராய்ச்சியைக் கைவிடுவதும் இதன் பொருளன்று. விடை கண்டாயிற்று என்று நம்பிய இடங்களிலேயே ஆராய்ச்சி நின்றது என்பதை மேலே கண்டோம்.

பிரபஞ்சத்தின் இறுதிக் காரணம் தெரியாதவன் எதன்மேல் காலூன்றிச் சமுதாய நீதிக்காகப் போராடுவான் என்று கேட்போர் உளர். இக்கேள்வி நம் அணியிலும் எழுவதுண்டு. வரலாற்றின் வெற்றியைப் பிரபஞ்சமே உத்தரவாதம் செய்கின்றது என்ற நம்பிக்கை சிலருக்கு ஊன்றுகோலாக இருந்தது. நாம் அதனை வேண்டோம். தோட்டத் தொழிலாளியின் வறுமைக்குக் காரணம் ஆதி அணுவில் இல்லை. கூலியிலும் காணியிலும் சட்டத்திலும் உள்ளது. அதனை அறியலாம், அளக்கலாம், மாற்றலாம். 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைவுரிமை கோரி நின்றபோது, மரபென்றும் விதியென்றும் கூறியே அவர்கள் தடுக்கப்பட்டனர். அங்கு தடுத்தவர்கள் உறுதியோடிருந்தனர். நின்றவர்களுக்குப் பிரபஞ்சத்தின் காரணம் தெரிந்திருக்கத் தேவையில்லை; தாமும் மனிதர் என்பது தெரிந்திருந்தது, அது போதுமாயிருந்தது. நச்சம்பின் உவமை கூறுவதும் இதுவே. அம்பு எய்தவனின் குலம் தெரியாவிடினும் அம்பைப் பிடுங்கலாம்.

ஆசிரியர்களுக்கு இங்கு ஒரு தனிப்பொறுப்புண்டு. வகுப்பறையில் ஒரு மாணவி எழுந்து, உலகம் ஏன் உள்ளது எனக் கேட்பாளாயின், அவளை அமரச் சொல்வது எளிது. சமயபாடத்தின் விடையையோ கட்சிப் பிரசுரத்தின் விடையையோ ஒப்புவிப்பதும் எளிது. லெமேத்ர் கடவுளை நம்பினார். ஃபிரீட்மன் அது பற்றித் தம் சமன்பாடுகளில் ஒன்றும் கூறவில்லை. ஆனால் எவ்விடத்தில் அறிவு முடிகின்றது என்பதை இருவரும் தம் தாளில் தெளிவாகக் குறித்தனர். ஆசிரியர் கரும்பலகையில் அந்த எல்லையை வரைந்து காட்டலாம். இதுவரை அளந்தோம், இதற்கப்பால் இன்னும் அறியோம் எனக் கூறலாம். அவ்விடை கேட்ட மாணவி ஏமாற்றமடைவாள் என நாம் எண்ணவில்லை. தான் செய்வதற்கும் உலகில் வேலை மீதியுண்டு என்பதை அவள் அன்று அறிந்துகொள்வாள்.